கம்பத்தில் முதலில் கட்டப்பட்டவன்

சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கென்டின் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் ஸ்மால்வில் தொடரின் முதல் எபிசோடைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு காட்சிகள்தான் எல்லோர் வாயிலும் வரும். ஒன்று, லெக்ஸ் லூத்தரின் கார் பாலத்தில் கிளார்க்கை இடித்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்வது. மற்றொன்று, நெஞ்சில் சிவப்புச் சாயத்தால் 'எஸ்' எழுதப்பட்ட கிளார்க் சோளக்காட்டு நடுவே கம்பத்தில் தொங்குவது. இரண்டாவது படம் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கூடத் தெரிந்த படம் அது. ஆனால் அதே ஊரில், அதே எழுத்தை நெஞ்சில் சுமந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவன் தொங்கியிருக்கிறான். எபிசோட் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவனைக் காட்டிவிடுகிறார்கள். அவன் பெயர் ஜெரமி கிரீக். இந்த எபிசோடைப் பலமுறை பார்த்தவர்களிடம் கேட்டாலும் அந்தப் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. "அந்தக் கரண்டு பையனா?" என்பார்கள். இது என்னை விடாமல் உறுத்துகிறது. இந்த எபிசோட் ஜெரமியின் கதை என்பதுதான் என் எண்ணம். அவனைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தால் பாலத்துக் காட்சி, கிளார்க் மனதில் வைத்திருக்கும் லானாவின் கழுத்துமணி, லெக்ஸின் நட்பு எல்லாமே வேறு இடத்தில் போய் நிற்கின்றன.

ஆல்ஃப்ரட் கஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் எழுதி டேவிட் நட்டர் இயக்கிய இந்த எபிசோட் 2001 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. கதைக்குள்ளும் அதே 2001 அக்டோபர்தான் நடக்கிறது. 1989 அக்டோபரில் விண்கல் மழை. நடுவில் பன்னிரண்டு வருடம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பன்னிரண்டு வருடமும் ஜெரமி மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறான், விழிக்கும்போது மின்சாரத்தைப் பாய்ச்சும் சக்தியோடு விழிக்கிறான். மற்ற எல்லோருக்கும் அது வளர்ந்த காலம். அவனுக்கு அது இல்லாமல் போன காலம்.

குமரி மாவட்டத்தில் சிலுவைப் பாதை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கைகளை விரித்துக் கட்டப்பட்ட கிளார்க்கின் உருவம் நொடியில் வேறொன்றாகிவிடும். முட்டத்திலோ குளச்சலிலோ பிறந்த பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படமெடுத்தவர்களும் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாசிப்பை முதலிலேயே உறுதிசெய்துகொண்டால் கிளார்க் மீட்பன் ஆகிவிடுகிறான், கம்பம் புனிதமாகிவிடுகிறது, அங்கே நடப்பது என்ன என்பது மறைந்துபோகிறது. நடப்பது ராகிங். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் மூத்த ஆட்டக்காரர்கள் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனைத் தேர்ந்தெடுப்பார்கள். வயலுக்குக் கொண்டுபோய், உள்ளாடையோடு நிறுத்தி, நெஞ்சில் எழுத்தைத் தீட்டி, சோளக்கொல்லை பொம்மைபோல் கட்டித் தொங்கவிடுவார்கள். பள்ளி அணியின் பெயர் காகங்கள், அதனால்தான் பொம்மை. 'எஸ்' ஊரின் பெயரைக் குறிக்கும் எழுத்து. பின்னாளில் உலகம் அறியப்போகும் சின்னம் இந்தக் கதையில் முதன்முதலாக ஒரு பையனை அவமானப்படுத்தத்தான் தீட்டப்படுகிறது, அதுவும் ஜெரமியின் உடம்பில்.

வயலைச் சுற்றி ஐந்து காட்சிகள்

மறுபடி பார்க்கும்போது முழு எபிசோடையும் ஒருமுறை ஓடவிடுங்கள். இரண்டாம் முறை ஐந்து இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள் வரைந்து, யார் கட்டப்பட்டிருக்கிறார், யார் பார்க்கிறார், யார் பேசுகிறார், யார் அவிழ்க்கிறார் என்று காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் காட்சி 1989. தகப்பனோடு ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறுவன் லெக்ஸ் சோளத்துக்குள் நுழைகிறான். முதலில் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஓடுகிறான், விழுகிறான், நிமிர்ந்தால் ஜெரமி. அவிழ்க்க நேரமில்லை, தெம்புமில்லை. விண்கல் விழுந்து வயல் முழுதும் சாய்கிறது. லெக்ஸின் தலைமுடி போகிறது. இரண்டாவது இடம் பள்ளியில் கிளார்க்கின் நண்பன் பீட் பேசுவது. அமெரிக்கக் கால்பந்து அணியில் சேரப் பீட் முயல்வதன் காரணம் அங்கே வெளியாகிறது: அணியில் இருந்தால் பொம்மையாகக் கட்டமாட்டார்கள். நகைச்சுவைபோல் கடந்துபோகும் இந்த வசனத்தில் என் பேனா எப்போதும் நின்றுவிடும். அடி வாங்காமல் இருக்க அடிப்பவர்களோடு சேர்வது என்ற வழி பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, அதை வெளிப்படையாகவும் பேசிக்கொள்கிறார்கள். அணியில் சேரக் கிளார்க் நீட்டும் அனுமதித் தாளில் ஜோனதன் கையெழுத்திட மறுக்கும் காட்சியை இதற்குப் பிறகு பார்த்தால், மகனின் பலத்தால் மற்றவர்களுக்கு அடிபடுமே என்ற தகப்பனின் பயம் நியாயமாகவே இருக்கிறது. அந்தத் தாள் வேறு எதற்கெல்லாம் கவசம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது, லானாவின் காதலனும் அணியின் ஆட்டக்காரனுமான விட்னியும் கூட்டாளிகளும் கிளார்க்கைக் கட்டுவது. லானா தன் கழுத்தில் அணியும் பச்சைக்கல் மணியை ஆட்டத்துக்காக விட்னியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் அதைக் கிளார்க்கின் கழுத்தில் போட்டுவிடுகிறான். அந்தக் கல் கிளார்க்கின் பலத்தை உறிஞ்சும் என்பது விட்னிக்குத் தெரியாது. பொறாமையில் செய்கிறான், அவ்வளவே. இங்கே உடைகளைக் கவனியுங்கள். எபிசோட் நெடுக கிளார்க்குக்குச் சிவப்பும் நீலமும்தான். கம்பத்தில் அந்த வண்ணங்கள் எல்லாம் உரிக்கப்பட்டு, சாயத்தின் சிவப்பு மட்டும் மிச்சமாகிறது. நான்காவது காட்சியில் ஜெரமி வருகிறான். ஐந்தாவதில் லெக்ஸ் வருகிறான். தாளை நிரப்பி முடித்தால் நான்காவது பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: லெக்ஸ். வருங்காலத்தில் கிளார்க்கின் பெரும்பகையாகப் போகிறவன்.

நான்காவது காட்சியில்தான் எபிசோடின் முதுகெலும்பு இருக்கிறது. கட்டப்பட்டிருக்கும் கிளார்க்குக்கு முன்னால் ஜெரமி நிற்கிறான். கம்பத்தில் தொங்குவது என்ன என்பது அந்த ஊரிலேயே அவனுக்கு மட்டும்தான் தோலால் தெரியும். கயிறு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கிளார்க் கெஞ்சுகிறான். தன்னைக் கட்டியவர்களைத் தண்டித்தால் இந்த வழக்கம் நின்றுவிடும் என்று நினைத்திருந்ததாகவும், அது நிற்கவே இல்லை என்றும் ஜெரமி சொல்கிறான். கிளார்க் இங்கேயே இருப்பது பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு, நடனம் நடக்கும் பள்ளியை நோக்கிப் போய்விடுகிறான். அங்கே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் பாய்ச்சி, கூடியிருக்கும் எல்லோரையும் கொல்வதுதான் அவன் திட்டம். ஆக, தன்னைப்போல் கட்டப்பட்டவன் சாகக்கூடாது என்று அவன் நினைக்கிறான். ஆனால் அவிழ்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. இந்த இரண்டும் ஒரே மனதில் ஒன்றாக இருப்பதை இவ்வளவு குறைந்த வசனத்தில் காட்டியது பெரிய காரியம். அவனை வெறும் வில்லனாகப் பார்க்கிறவர்கள் இந்தக் காட்சியை அரைகுறையாகத்தான் பார்த்திருப்பார்கள்.

பிறகு லெக்ஸ். இருட்டில் கேட்கும் குரலைத் தொடர்ந்து சோளத்தை விலக்கிக்கொண்டு வருகிறான். 1989-இல் சிறுவனாக வந்த அதே வருகை. இந்த முறை அவனுக்குக் கைகள் வளர்ந்திருக்கின்றன, அவிழ்க்கிறான். யார் செய்தது என்று கேட்கிறான். கிளார்க் பெயர் சொல்லவில்லை, அது முக்கியமில்லை என்கிறான். மணி கழுத்திலிருந்து விழ, பலம் திரும்ப, ஓடிவிடுகிறான். பாலத்தில் கிளார்க் லெக்ஸுக்கு உயிர் கொடுத்தது நட்பின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வலிமையுள்ளவன் வலிமையால் செய்தது பாலம். வலிமையில்லாத ஒருவனை, எந்த வலிமையும் இல்லாத மற்றொருவன் காப்பாற்றுவது வயலில்தான். லெக்ஸ் பின்னாளில் என்ன ஆனாலும், இந்த இரவில் அவன் செய்ததை யாரும் அவனிடமிருந்து பறிக்க முடியாது.

இருட்டும் மழைச் சத்தமும்

ஜெரமி நினைவில் நிற்காமல் போவதற்குக் கதைக்கு வெளியேயும் காரணம் உண்டு. அவன் வரும் காட்சிகளில் முக்கியமானவை இருட்டில், தாழ்ந்த குரலில் நடக்கின்றன. சரியாக அமைக்காத டிவியில் முதலில் தொலைந்துபோவது இவைதான். பாலத்துக் காட்சி பகலில், பெருஞ்சத்தத்தோடு நடப்பதால் எந்த டிவியிலும் தப்பித்துக்கொள்ளும். டிவியில் 'விவிட்', 'டைனமிக்' என்று இருக்கும் பட அமைப்பை விட்டு, 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' அமைப்புக்கு மாற்றுங்கள். விவிட் அமைப்பு வெளிச்சமான இடத்தை இன்னும் வெளிச்சமாக்கி, இருட்டில் இருக்கும் முகத்தைக் கரியாக்கிவிடும். அடுத்து, அசைவை மழமழப்பாக்கும் வசதி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ். இது நொடிக்கு 24 படங்களுக்கு இடையில் டிவி தானாகக் கற்பனை செய்த படங்களைச் செருகும். கிளார்க் மின்னல் வேகத்தில் ஓடும் இடங்களில் அவன் உருவத்தின் ஓரங்கள் பிய்ந்து, சோளத் தாள்கள் நீரில் கரைவதுபோல் தெரிவது இதனால்தான். அணைத்துவிடுங்கள்.

பழைய டிவிடியில் பார்க்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல். நம் பக்கம் விற்ற 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை வட்டுகளில் நொடிக்கு 24 படங்கள் 25 ஆக ஓடும். எபிசோட் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும், குரல்கள் சற்றே மெலிந்து கூர்மையாகக் கேட்கும். ஜெரமியின் தாழ்ந்த குரலுக்கு இது கெடுதல். இந்த வேகத்துக்கு எழுதிய சப்டைட்டிலை மற்றப் பிரதியோடு ஓட்டினால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், போகப்போக விலகும். 42 நிமிடத்தில் ஏறக்குறைய 1 நிமிடம் 43 நொடி விலகிவிடும். விஎல்சி பிளேயரில் ஜி, ஹெச் விசைகளை அழுத்திச் சப்டைட்டிலை முன்னும் பின்னும் நகர்த்தலாம்; ஆனால் அது எல்லா வரிகளையும் ஒரே அளவுதான் நகர்த்தும். தொடக்கத்திலேயே ஒரே அளவு விலகியிருந்தால் அது போதும். நேரம் ஆக ஆக விலகல் கூடினால் சப்டைட்டில் கோப்பின் வேகத்தையே 25-இலிருந்து 23.976-க்கு (24 என்று சொல்வதன் துல்லிய அளவு) மாற்ற வேண்டும். வயலின் கடைசிக் காட்சிகள் எபிசோடின் பிற்பகுதியில் வருவதால், விலகல் மிக மோசமாக இருக்கும்போதுதான் ஜெரமி பேசுகிறான். யார் என்ன சொன்னார் என்பதே மாறிப்போகும்.

மழை நம் மாவட்டத்துக்கே உரிய தொந்தரவு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நமக்கு உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர்வரை எந்த மாலையிலும் தகரக் கூரைமேல் கொட்டலாம். சத்தத்தைக் கூட்டினால் தீராது, ஏனென்றால் இசையும் இடியும்தான் கூடும், வசனம் அடியிலேயே கிடக்கும். டிவியின் ஒலி வெளியீட்டை 5.1-இலிருந்து (ஆறு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், அல்லது 'வசனத் தெளிவு' என்பதுபோன்ற அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். நடு ஸ்பீக்கரான மையப் பெட்டிக்கென்று பிரித்து வைத்த வசனம், மையப் பெட்டியே இல்லாத இடத்தில் நலிந்துபோவதுதான் காரணம். இரண்டு ஸ்பீக்கர்களைப் பார்ப்பவர்களுக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வைப்பது இன்னும் நல்லது.

ஊர் வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பத்திருபது பிள்ளைகளுக்குப் போடுவதானால் புரொஜெக்டர் தேவைப்படும். திரை வாங்க வேண்டியதில்லை. 8 முழ வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் 6 அடி அகலத் திரை கிடைக்கும். 6 அடி அகலப் படத்துக்கு உயரம் மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு, வேட்டியின் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் துணியைத் துளைத்துப் பின்னால் போய்விடும், இருட்டுக் காட்சி இன்னும் இருண்டுவிடும். வழக்கமான புரொஜெக்டருக்கு அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம், அதாவது 9 அடி வேண்டும். கீழ்முனையில் ஒரு மூங்கில் கழியைக் கோர்த்தால் காற்றில் ஆடாது. 7 மணிக்கு முன் தொடங்காதீர்கள். கோடையில் ஆறரை தாண்டியும் நம் வானத்தில் வெளிச்சம் இருக்கும். எபிசோடை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். கரண்டு போனால் சின்ன யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். பல்பு வகைப் புரொஜெக்டரின் விசிறி ஓடி முடிந்து பல்பு குளிர அது போதும், படம் பார்க்கப் போதாது.

மூன்றாம் முறை, திரையைத் துணியால் மூடிவிட்டு வயல் காட்சிகளைக் காதால் மட்டும் கேட்கச் செய்யுங்கள். ஏழெட்டு மாதம் வளர்ந்த மரச்சீனி விளைக்குள் புகுந்தால் பத்தடியில் நிற்பவரைக் காண முடியாது, குரல்தான் கேட்கும். சோளக்காடும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது என்பதுதான் 1989 காட்சிக்கும் 2001 காட்சிக்கும் இடையிலான முடிச்சு. அதைக் காதுதான் பிடிக்கும்.

பிள்ளைகளோடு பேசும்போது

முதலில் வரும் கருத்து தெரிந்ததுதான். "அவனும் ரெண்டு குடுத்திருக்கலாம்லா மக்கா?" என்று ஒருவன் சொல்வான், எல்லோரும் ஆமோதிப்பார்கள். தடுக்காதீர்கள். ஜெரமி அதைத்தான் செய்கிறான். தன்னைக் கட்டியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் மின்சாரத்தால் தாக்குகிறான். அதற்குள் அவர்கள் பள்ளியை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, கம்பமோ இன்னும் நிற்கிறது. பிள்ளைகளையே அந்தக் காட்சிக்குத் திரும்பக் கூட்டிப்போனால் அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் முந்திக்கொண்டு அறிவுரை சொல்லும் இடத்தில்தான் இப்படிப்பட்ட கூட்டங்கள் வழக்கமாகச் சாகின்றன.

மற்றொரு தவறு இன்னும் மோசமானது. "உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று கூட்டத்தில் கேட்பது. நடந்தவன் தலையைக் குனிவான், நடத்தியவன் அவனைப் பார்ப்பான், பிறகு வாழ்நாளில் அவன் பேசமாட்டான். கிளார்க்கே லெக்ஸிடம் பெயர் சொல்லவில்லை. உலகத்தையே தூக்கும் பலமுள்ளவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகக் காட்சிக்குள் இருப்பவர்களைப் பற்றிக் கேளுங்கள். இந்த வழக்கம் யாருக்கெல்லாம் முன்பே தெரியும்? பீட்டுக்குத் தெரியும், கிளார்க்கின் தோழி குளோயிக்குத் தெரியும், ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆண்டுதோறும் நடக்கிறது என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? எபிசோடுக்குள் கம்பத்தில் கட்டியதற்காக எவரும் விசாரிக்கப்படுவதில்லை. கிளார்க் அவர்களுடைய டிரக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டுப் போகிறான். பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள், கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த அடுக்கு பிடிக்கும், ஆனால் அதில் ஜெரமிக்கு ஒன்றும் இல்லை.

இங்கே சட்டத்தைப் பேசுவது பிள்ளைகளுக்கு உதவும், சலிப்பூட்டாது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரும் உடந்தையாகவே கருதப்படுவார். ஸ்மால்வில் பள்ளிக்கு இல்லாத அந்த விதி நமக்கு உண்டு. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் படிக்கப்போகும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். கேரளத்திலும் 1998-லிருந்து இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கான நாடு தழுவிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பலகையில் எழுதிவிட்டு, யாரும் குறித்துக்கொள்கிறார்களா என்று பார்க்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். வேண்டியவன் எழுதிக்கொள்வான்.

கடைசியாக ஜெரமியின் முடிவு. டிரக்கை ஓட்டிக்கொண்டு கிளார்க்கின்மேல் பாய்கிறான், தண்ணீர்க் குழாய் உடைகிறது, அவன் மின்சாரமே அவனைத் தாக்கிச் சக்தி வடிந்துவிடுகிறது. பிறகு அவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. எதிரில் நிற்பவன் யார் என்று கேட்கிறான், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். அத்தனை கோபத்துக்கும் அடியில் இருந்த பதினான்கு வயதுப் பையன் அப்படியே வெளியே வருகிறான். காட்சி வேகமாக முடிந்துவிடுகிறது, கதை உடனே லானாவிடம் திரும்பிவிடுகிறது. இங்கே நிறுத்துங்கள். அடுத்த எபிசோட் தானாக ஓடும் அமைப்பை முன்கூட்டியே அணைத்து வைத்திருக்க வேண்டும். அவனுடைய பெற்றோர் இப்போது எங்கே இருப்பார்கள், அவனை எந்த வகுப்பில் சேர்ப்பது, அவன் தாக்கியவர்களின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது, அவனைக் கட்டியவர்களின் பெயர்களை யார் எழுதி வாங்குவது என்று பிள்ளைகள் கேட்கட்டும். ஒரு மணி நேரம் போகும். லானாவின் கழுத்துமணி என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது எபிசோட் 'மெட்டமார்ஃபசிஸ்' பதில் வைத்திருக்கிறது. அதை மறுநாள் போடுங்கள்.